அரிக்கமேட்டு உரோமானிய விளக்கு

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, பண்டைய துறைமுக ஊர் ஆகும். அங்குக் கிடைத்த தொல்பொருள்களுள் உரோமானியச் சுடுமண் எண்ணெய் விளக்கின் உடைந்த பகுதி ஒன்றும் உண்டு.

நமது அகல் வாய் திறந்தது. உரோமானிய விளக்கோ மேற்புறம் மூடியது. எண்ணெய் ஊற்றத் துளையும் திரி இட மூக்கும் கொண்டது. மேல், கீழ்ப் பாதிகளைத் தனித்தனி அச்சுகளில் அழுத்தி எடுத்து, ஒட்டிச் சுட்டனர். மேல்வட்டில் தெய்வங்கள், விலங்குகள், வீரர்கள் ஆகிய உருவங்கள் புடைப்பாக அமைந்தன. உரோமர் ஆட்சிக்கு உட்பட்ட கிரேக்கத்தில் கொரிந்து நகர விளக்குகள் பெயர்பெற்றவை. பலவற்றின் அடியில் செய்தவர் பெயர் இருக்கும்.

1944இல் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு உரோமானிய மதுச்சாடித் துண்டு ஒன்றைக் கண்டார். உடனே புதுச்சேரி சென்றார். அங்குச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தவற்றில் மேற்கண்ட விளக்குத் துண்டும், இத்தாலியின் அரெத்தீன் வகைச் செந்நிற ஓடுகளும் இருந்தன. 1945இல் அவர் அகழாய்வு நடத்தினார். அரெத்தீன் கலங்களின் காலம் முன்பே அறியப்பட்டிருந்ததால், அவற்றுடன் கிடைத்த உள்ளூர்ப் பானை ஓடுகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. ஊர் அதற்கும் முந்தையது என்பதை 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வு காட்டியது.

பொற்காசைத் தலைமுறைகளாகச் சேமித்து வைப்பர். மண் விளக்கும் கலமும் உடைந்தவுடன் எறியப்படும். எனவே மண்ணடுக்கின் காலத்தை அறியக் காசைவிட ஓடே நம்பத்தக்க சான்றாகிறது.