பாட்டு வழிச் சென்ற அரசியல்

அரசியற் செய்தி மக்களைச் சேரும் வழியைப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோர், 1940இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் லாசர்ஸ்பெல்ட் குழுவினர் நடத்திய தேர்தல் ஆய்விலிருந்து தொடங்குவது வழக்கம். பத்திரிகைச் செய்தி, அதைப் படித்தறிந்த அயலவர் வாய்வழியாகவே பலகாலும் பிறரைச் சேர்கிறது என்பது அவர்தம் கருத்து.

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இது புதுமையன்று. இருப்புப்பாதை தெமோதரையைக் கடந்து பதுளையை எட்டிய 1924ஆம் ஆண்டிலேயே கொழும்பில் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ இதழைத் தொடங்கினார். ஆயினும் லயங்களில் எழுத்தறிந்தோர் சிலரே. துரைமார் இசைவின்றி வெளியார் தோட்டத்துள் நுழைதலும் அரிது. ஆதலின் அவரும் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டை நாடினர். கும்மியும் சிந்தும் கேட்டு வளர்ந்த மக்கள், கூட்டத்திற் கேட்ட பாட்டை மறுநாள் கொழுந்து கிள்ளும்போதும் பாடலாம். துண்டுப்பிரசுரத்தைப் பறிக்கலாம், மனப்பாடத்தைப் பறிப்பது எங்ஙனம்? அம்மையாரின் பாடல் நூல் வெளிவந்ததும் ஒகாயோ ஆய்வு நடந்த அதே 1940இல்தான்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. பதுளைத் தொகுதியினின்றும் ஓர் உறுப்பினர் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் திருத்தப்பட்ட தேர்தற் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரின் வாக்கையும் நீக்கிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓரிடமும் கிட்டவில்லை.