கண்மாயும் குடிமராமத்தும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளி மழை குறைந்தது. வையையோ ஆண்டு முழுதும் நீரோடும் ஆறன்று. ஆதலின் இந்நிலத்து வேளாண்மை ஆற்றினும் கண்மாயையே பெரிதும் சார்ந்து நின்றது. நீர்நிலை அமைத்தலை அரசன் கடமையாகக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைத்தமை புறநானூற்றின் 18-ஆம் பாட்டாற் புலனாகும்.

கண்மாய் என்பது கரையும் மடையும் கலுங்கும் மட்டும் அன்று. வரத்துக்காலைத் தூர்வாரும் குடிகளும், முறைப்படி நீர் பாய்ச்சும் மடைக்குடும்பனும், அவனுக்குக் களத்தில் அளந்துவிடும் நெல்லும் அதன் உறுப்புக்களே. மேற்கண்மாயின் மறுகால் நீரே கீழ்க்கண்மாய்க்கு வரத்து. ஆகவே ஓரூரின் அயர்ச்சி அடுத்த ஊரின் வறட்சியாகும்.

இவ்வமைப்பைப் பொற்காலமாகப் போற்றுவார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நீர்ப்பங்கு நிலமுடையார்க்கே உரியது. சேற்றில் இறங்கியோருட் பலர்க்கு நிலமே இல்லை.

இரயத்துவாரி முறை உழவரைத் தனித்தனியே அரசோடு பிணித்தது, ஊர்ப்பொது தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம், உடைப்புக் காலத்தில் மக்களை வேலைக்கு அழைக்கவும், குடிமராமத்துச் செய்யத் தவறியோரிடம் பொருள் பெறவும் இடந்தந்தது. வழக்கம் தானே நடந்திருப்பின் சட்டம் வேண்டப்பட்டிராது என்பது எம் கருத்து. 1895-இல் பென்னிகுயிக் எழுப்பிய பெரியாற்றணை மேற்றொடர்ச்சி மலையைக் குடைந்து நீரை வையைக்குத் திருப்பியது. பேரணையிற் பிரிந்த கால்வாய் பல கண்மாய்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பஞ்சம் தணிந்தது உண்மை. ஆயினும் கால்வாய் நீர் வருமிடத்துத் தன் வரத்துக்காலைப் பேணும் தேவை ஊர்க்குக் குறைந்தது.

இதற்கு ஒப்பாகக் கூறத்தக்கது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் புதிய பொறிமுறை புகுந்தும் விளைவு எதிர்பார்த்த அளவு உயராமையை 1951-இல் டிரிஸ்ட், பாம்போர்த் என்னும் இருவர் ஆராய்ந்தனர். பொறி மாறியபோது சிறு குழுக்களாய்க் கூடி உழைத்த முறை சிதைந்ததே காரணம் எனக் கண்டனர். கருவியும் கூட்டுறவும் ஒருங்கே எண்ணப்படல் வேண்டும் என்னும் கொள்கை அவ்வாய்விற் பிறந்தது.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கிற்று. செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆயக்கட்டு உழவரது. தூர்வாருதற்கு ஆண்டுதோறும் பொருள் ஒதுக்கலாம். மடைக்குடும்பனுக்கு நெல் அளப்பார் யாவர் என்னும் வினாவுக்கு அத்திட்டத்துள் விடையில்லை. வரத்துக்கால் அடைபட்ட நகர்ப்புறத்திலோ அவ்வினாவும் எழுவதில்லை. 2004-இல் உயர்நீதிமன்றக் கிளை அமைந்த உலகனேரி, ஏரியைத் தன் பெயரிலே வைத்திருக்கின்றது.