வாரத்துக்கு 65 பவுண்டு

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005 பிப்ரவரி 15 அன்று அளித்த தீர்ப்பொன்றில், மனுதாரர்களை அறிமுகப்படுத்தும் பகுதியில் ஒரு தொகை வருகிறது. ஹெலன் ஸ்டீல் சில காலம் மதுக்கூடத்தில் பகுதிநேர வேலை பார்த்தார். அப்போது அவருக்குக் கிடைத்தது வாரத்துக்கு அதிகபட்சம் சுமார் 65 பவுண்டு. மற்ற நாட்களில் அதுவும் இல்லை. இரண்டாவது மனுதாரர் டேவ் மோரிஸ், முன்னாள் தபால்காரர், தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவர். இந்த இருவர்மீதும்தான் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் லண்டனில் அவதூறு வழக்கு தொடுத்தது. 313 நாள் விசாரணை. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றிலேயே மிக நீண்ட வழக்கு அது.

இந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பிரானி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெண் இயக்குநர் ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். பெரும்பாலும் எளியவர் வலியவரை எதிர்த்த கதையாக, அல்லது மழைக்காடு, மாட்டிறைச்சி, உடல்நலம் பற்றிய விவாதமாக இது சொல்லப்படுகிறது. நான் இதைக் கூலி வழக்காகப் படிக்கிறேன். அதற்குக் காரணம் அந்த 65 பவுண்டுதான். உணவுத் தொழிலில் கூலி குறைவு என்று சொன்னதற்காகக் கூண்டில் நிறுத்தப்பட்ட பெண், அதையொட்டிய தொழிலில் அதே மாதிரிக் கூலி வாங்கியவர். தன் சம்பளம் குறைவு என்பதை நிரூபிக்க அவர் நீதிமன்றம் போகவேண்டியிருந்தது.

‘லண்டன் கிரீன்பீஸ்’ ஒரு சின்னக் குழு. பெயர் ஒன்றாக இருந்தாலும் சர்வதேச கிரீன்பீஸ் அமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1986இல் அந்தக் குழு மெக்டொனால்ட்ஸில் என்ன கோளாறு என்று கேட்டு ஆறு பக்கத் துண்டறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதில் பல குற்றச்சாட்டுகள். தொழிலாளருக்குக் குறைந்த கூலி கொடுக்கிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. 1990இல் ஐந்து பேருக்கு வழக்கு ஆணை வந்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவோம் என்றது நிறுவனம். மூன்று பேர் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டீலும் மோரிஸும் கேட்கவில்லை.

ஆங்கிலேய அவதூறுச் சட்டத்தில், சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் சொன்னவர் தலையில் விழுகிறது. பொய் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டியதில்லை. அவதூறு வழக்குக்கு அரசின் இலவசச் சட்ட உதவியும் கிடையாது. ஆக, வக்கீல் வைக்கக் காசில்லாத இருவர் தாங்களே சாட்சிகளைத் தேடி, தாங்களே குறுக்கு விசாரணை செய்தார்கள். சில இளம் வழக்கறிஞர்கள் பணம் வாங்காமல் பின்னால் நின்று உதவினார்கள். பிற்காலத்தில் பிரதமரான கீர் ஸ்டார்மர் அவர்களில் ஒருவர். 130 சாட்சிகள், 40,000 பக்க ஆவணங்கள். விஷயம் சிக்கலானது என்று சொல்லி ஜூரியும் மறுக்கப்பட்டது.

சரி, கூலி ‘குறைவு’ என்பதை எப்படி நிரூபிப்பது? எதைவிடக் குறைவு? இங்கேதான் கதை எண்பது ஆண்டுகள் பின்னால் போகிறது, சங்கிலி அடித்த பெண்களிடம்.

பர்மிங்ஹாமுக்கு மேற்கே கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் உலை மூட்டி இரும்புச் சங்கிலி அடித்தார்கள். பக்கத்தில் குழந்தை, கையில் சுத்தியல். வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் அடித்தாலும் கிடைத்தது ஐந்து ஷில்லிங் போல. இத்தகைய தொழில்களுக்கென்றே 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூலி வாரியச் சட்டம் கொண்டுவந்தது. வாரியம் சங்கிலித் தொழிலுக்கு மணிக்கு இரண்டரை பென்னி என்று நிர்ணயித்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆறு மாதம் இந்தக் கூலி வேண்டாம் என்று எழுதிய தாளில் அந்தப் பெண்களிடமே கையெழுத்து வாங்கினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கீறல் போட்டுக் கொடுத்தார்கள். மேரி மக்கார்தர் தலைமையில் பெண் தொழிலாளர் சங்கம் 1910 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பத்து வாரத்தில் கடைசி முதலாளியும் பணிந்தார்.

அந்தச் சட்டம் வளர்ந்து, தொழிற்சங்கம் கால் ஊன்ற முடியாத தொழில்களுக்கெல்லாம் கூலி வாரியம் என்றானது. 1943இல் எர்னஸ்ட் பெவின் உணவு விடுதித் தொழிலையும் இப்படி ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தார். வாரியங்களின் பாதுகாப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துணி தைப்பவர்கள், முடி வெட்டுபவர்கள், மேசைக்குச் சோறு கொண்டுவருபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள்.

1974இல் லண்டன் வுலிச்சில் மெக்டொனால்ட்ஸ் முதல் பிரிட்டிஷ் கடையைத் திறந்தபோது இந்த ஏற்பாடு உயிரோடு இருந்தது. அந்த நிறுவனத்துக்கும் பெண்களுக்குமான உறவு விசித்திரமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அதை வளர்த்த ரே கிராக், 1960களின் இறுதிவரை கடையில் பெண்களை வேலைக்கு வைக்கவே விடவில்லை. பெண்கள் இருந்தால் வேண்டாத பையன்கள் வந்து சுற்றுவார்கள் என்பது அவர் கவலை. வீட்டில் காலங்காலமாகப் பெண் செய்த சமையல், கடைக்குப் போனதும் ஆண்பிள்ளை வேலை. ஆனால் அதற்குள் அந்தச் சமையலைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒருவர் ரொட்டி சுடுவார், ஒருவர் இறைச்சி திருப்புவார், எப்போது எடுப்பது என்று மணி அடித்துச் சொல்லும். கைப்பக்குவம் தேவையில்லாத இடத்தில் கைப்பக்குவத்துக்குக் கூலியும் தேவையில்லை. யாரையும் ஒரு நாளில் பழக்கலாம், யாரையும் மறுநாள் மாற்றலாம் என்று ஆன பிறகு கதவு பெண்களுக்கும் திறந்தது. இதை முன்னேற்றம் என்று கொண்டாடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தாட்சர் அரசு 1986இல் 21 வயதுக்குக் கீழானவர்களைக் கூலி வாரியப் பாதுகாப்பிலிருந்து நீக்கியது. துரித உணவுக் கடைகளை நிரப்பியவர்கள் அந்த வயதினரே. 1993இல் மேஜர் அரசு வாரியங்களையே ஒழித்தது. விவசாயத்துக்கு மட்டும் விட்டுவைத்தது. சுமார் 25 லட்சம் பேரின் பாதுகாப்பு போனது. அப்போது சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று நமக்குப் புதிதல்ல: இவர்களில் பலர் குடும்பத்தின் இரண்டாவது சம்பாத்தியக்காரர்கள், வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறது, ஆகவே இவர்கள் ஏழைகள் அல்ல. பெண்ணின் கூலி கைச்செலவுக்கு, இளைஞரின் கூலி சினிமாவுக்கு. கூலியைச் செய்த வேலையை வைத்து அளக்காமல், செய்தவர் யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதை வைத்து அளக்கும் பழக்கம் சங்கிலிக்காரிகள் காலத்தில் இருந்ததுதான். கணவனைப் பிரிந்தவளுக்கு, பெற்றோர் கைவிட்ட பதினேழு வயதுப் பெண்ணுக்கு எந்த இன்னொரு வருமானம்?

வழக்கு விசாரணை 1994 ஜூனில் தொடங்கியபோது, ஆக, உணவுத் தொழிலில் சட்டப்படி ‘குறைந்தபட்சம்’ என்று எதுவுமே இல்லை. ஆனால் பழைய வாரியத்தின் எண்கள் இருந்தன. அவற்றைப் பிரதிவாதிகள் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையில் துணைத் தலைவராக இருந்தவர் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்ட விஷயம் இது: 1980களில் நாட்டின் பெரும்பகுதியில் தங்கள் தொடக்கக் கூலி, வாரியம் நிர்ணயித்த தொகையேதான், அல்லது அதற்குமேல் சில பென்ஸ். அதைவிடக் குறைத்திருந்தால் சட்டத்தை மீறியதாகியிருக்கும். அப்படியென்றால் குறைந்த கூலி தருகிறீர்கள் என்பதை ஏற்கிறீர்களா என்று கேட்டால், ஏற்கவில்லை என்றார். சட்டம் அனுமதிக்கும் அடிமட்டத்தில் நின்றுகொண்டு அது அடிமட்டம் இல்லை என்று சொல்லும் இந்தத் துணிவை என்னால் மறக்க முடியவில்லை.

1997 ஜூன் 19 அன்று நீதிபதி பெல் தீர்ப்பளித்தார். மழைக்காடு, மூன்றாம் உலகப் பட்டினி, நோய் ஆகியவை குறித்த குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை. இருவரும் 60,000 பவுண்டு இழப்பீடு தரவேண்டும். தோல்விதான், சந்தேகமில்லை. ஆனால் சிலவற்றை அவர் உண்மை என்று ஏற்றார். விளம்பரத்தின் மூலம் குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சில வகைகளில் விலங்குகள் வதைபடக் காரணமாக இருக்கிறார்கள். பிரிட்டனில் தொழிலாளருக்குக் குறைந்த கூலி தந்து, அதன்மூலம் உணவுத் தொழில் முழுவதிலும் கூலியைக் கீழே இழுக்கிறார்கள். கடைசி வாக்கியத்தின் பின்பாதியைக் கவனிக்க வேண்டும். ஒரு பெரிய முதலாளி குறைத்துக் கொடுத்தால் பக்கத்துத் தெரு விடுதியும் குறைக்கும். மெக்டொனால்ட்ஸில் வேலையே பார்க்காத பெண்ணின் கூலியும் அதில் சேர்த்தி; மதுக்கூடத்தில் 65 பவுண்டுக்கு நின்றவரின் கூலியும்தான்.

ஸ்டீல் இதற்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிப்பது நேர்மையல்ல. நிறுவனம் தனியார் துப்பறிவாளர்களைக் குழுவுக்குள் அனுப்பியது விசாரணையில் வெளிவந்தது. இரண்டு ஏஜென்சிகள், ஏழு பேராவது. ஒரு ஏஜென்சி அனுப்பியவர் யார் என்று இன்னொரு ஏஜென்சிக்குத் தெரியாது. அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண் பின்னர் மனம் மாறிப் பிரதிவாதிகளுக்காகவே சாட்சி சொன்னார்.

வெளிவராதது இன்னொன்று. வழக்கு ஆணை வந்த 1990இல் ஸ்டீலுக்கு ஒரு காதலன் இருந்தான், அதே குழுவைச் சேர்ந்தவன். சேர்ந்து வாழ்ந்தார்கள். வழக்குக்கான தயாரிப்புகளெல்லாம் அவன் கண்முன் நடந்தன. 1992இல், மனம் உடைந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டு காணாமல் போனான். ஸ்டீல் பல ஆண்டுகள் தேடினார். தேடியதில் அகப்பட்டது ஒரு குழந்தையின் இறப்புச் சான்றிதழ். எட்டு வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்த அந்தப் பையனின் பெயரில்தான் அவன் உலவியிருந்தான். அவன் லண்டன் பெருநகரக் காவல்துறையின் உளவுக் காவலன், வேறிடத்தில் மனைவி உள்ளவன். அவன் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தத் துண்டறிக்கையை எழுதியவர்களில் ஒருவரே இன்னொரு உளவுக் காவலர் என்பதை 2013இல் கார்டியன் செய்தியாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

காவல்துறை இவர்களை மெக்டொனால்ட்ஸுக்காக அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. போராட்டக் குழுக்களுக்குள் ஆள் நுழைப்பது அதன் நெடுங்கால வழக்கம். ஆனால் குழுவினர் பற்றிய தகவல்கள் காவலர்களிடமிருந்து நிறுவனத்துக்குப் போனது தொடர்பான வழக்கில், 2000இல் காவல்துறை ஸ்டீலுக்கும் மோரிஸுக்கும் 10,000 பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2015இல் ஸ்டீல் உட்பட ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டால் விடுகிறோம் என்ற நிறுவனத்திடம் 1990இல் மறுத்தவர், இருபத்தைந்து ஆண்டு கழித்து அரசிடமிருந்து மன்னிப்பு வாங்கினார்.

1999 மார்ச் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டை 40,000 பவுண்டாகக் குறைத்தது. மெக்டொனால்ட்ஸ் ஊழியர்கள் ஊதியத்திலும் வேலை நிலைமையிலும் மோசமான நிலையில் இருக்கிறார்கள் என்று சொல்வது நியாயமான கருத்தே என்றும் கூறியது. மறுநாள், ஏப்ரல் 1, பிரிட்டனில் முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி அமலுக்கு வந்தது: மணிக்கு 3.60 பவுண்டு. அதனால் பயனடைந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். இந்த இரண்டு தேதிகளும் ஒட்டி நிற்பது தற்செயல்தான்; ஆனாலும் ஒவ்வொரு முறையும் படிக்கும்போது நின்றுவிடுகிறேன். அந்தக் கூலிக்கும் வயது பார்த்தார்கள். 18 முதல் 21 வரை 3 பவுண்டு. 16, 17 வயதினருக்கு 2004 வரை எதுவுமில்லை. கடையில் அவர்கள் வறுத்த உருளைக்கிழங்குக்கு மட்டும் வயதுச் சலுகை விலை இல்லை.

இழப்பீட்டை இருவரும் கட்டவில்லை. நிறுவனமும் வசூலிக்க வரவில்லை. 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம், சட்ட உதவி தராததால் நியாயமான விசாரணைக்கும் பேச்சுரிமைக்கும் பிரிட்டிஷ் அரசு பங்கம் விளைவித்தது என்று சொல்லி இழப்பீடும் தரச் சொன்னது.

2017 செப்டம்பர் 4 அன்று கேம்பிரிட்ஜ், கிரேஃபர்டு ஆகிய இரண்டு இடங்களில் மெக்டொனால்ட்ஸ் தொழிலாளர்கள் சுமார் நாற்பது பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரிட்டனில் அந்த நிறுவனத்தில் அதுவே முதல் வேலைநிறுத்தம். மணிக்கு 10 பவுண்டு கேட்டார்கள்; அதோடு, வாரத்துக்கு இத்தனை மணி வேலை நிச்சயம் என்ற உத்தரவாதமும் கேட்டார்கள். மணிக்கூலி எவ்வளவு உயர்ந்தாலும், எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொரு வாரமும் மேலாளர் தீர்மானித்தால் கையில் வருவது மேலாளரின் தயவுதான். அந்தத் தயவுக்கு ஈடாக ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் என்னவெல்லாம் கேட்கப்படும் என்பதும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. 2023 பிப்ரவரியில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் ஏற்பாடுகள் செய்வதாக பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையத்துடன் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பிபிசியிடம் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளைச் சொன்னார்கள். சொன்னவர்களில் பலர், 1999இல் அமலுக்கு வந்த சட்டம் முதலில் விட்டுவிட்ட அந்த வயதுக்காரர்கள்.