பூச்சை அகற்றிய வரலாறு

சைக்கிள் சட்டம், இரும்பு நாற்காலி, மோட்டார் வண்டிச் சக்கரம் முதலியவற்றின்மேல் வழவழப்பாகப் படிந்துள்ள பூச்சை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதனைப் பூசும் திறத்தைப் புகழ்வார் பலர். பழுதுற்றபோது அதனை அகற்றுவோரை எண்ணுவார் சிலரே. அகற்றும் தொழிலின் வரலாறோ தொழிலாளியின் மூச்சோடு பின்னிக் கிடக்கின்றது. ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் மணல். 1870ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தவரான பெஞ்சமின் சூ டில்க்மன் என்பார், நீராவி அல்லது காற்றின் விசையால் மணலை வீசிக் கடினப் பொருளைத் தேய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துருவும் பழம் பூச்சும் விரைவில் அகன்றன. ஆயின் சிதறிய மணலின் நுண்துகள் நுரையீரலிற் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயை விளைத்தது. பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளால் வார்ப்புப் பொருள்களை மணல் வீசித் துலக்குவதைத் தடுத்தது. இடைப்பட்ட காலம் 79 ஆண்டுகள்!

அடுத்துத் தூள் பூச்சு வந்தது. ஜெர்மானியரான எர்வின் கெம்மர், காற்றால் மிதக்கவிட்ட தூளில் சூடேற்றிய உலோகத்தைத் தோய்க்கும் முறைக்கு 1953இல் காப்புரிமை கோரினார். பின்னர், மின்னேற்றிய தூளைத் தெளித்து, 200 பாகை செல்சியஸ் அளவில் அடுப்பிற் சுடும் வழக்கம் பரவிற்று. இவ்வாறு சுட்டுக் கெட்டியாகும் பூச்சு மீண்டும் உருகாது. வெந்த இட்லி மறுபடி மாவாகாதது போல என்க.

இதனை உரிக்க மெத்திலீன் குளோரைடு என்னும் திரவம் கைகொடுத்தது. அதன் சிறு மூலக்கூறுகள் பூச்சினுட் புகுந்து, அதனை உப்பச் செய்து உரிக்கின்றன. ஆனால் அது 40 பாகையிலேயே கொதிப்பது. அதன் ஆவி காற்றினும் கனமானது. காற்றோட்டமற்ற இடத்தில் தாழ்வான பகுதிகளிற் தேங்குவது. உட்கொண்ட ஆவியை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகின்றது என்பதை ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் 1972இல் வெளியிட்டனர். எனினும், அமெரிக்கா இதனைக் கொண்ட பூச்சகற்றிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019இற்றான் தடுத்தது. பெரும்பாலான தொழிற்பயன்களையும் விலக்கும் விதியை 2024இல் வெளியிட்டது.

உலையிலிட்டு எரித்தகற்றுவதும் உண்டு. தடித்த இரும்பு அதனைத் தாங்கும். அலுமினியச் சக்கரமோ, உருகும் நிலையை எட்டுமுன்னரே தன் உறுதியை இழந்துவிடும். பார்வைக்கு நன்றாயிருந்தும் சாலையில் அபாயமாகலாம்.

இவற்றால் நாம் அறிவது யாது? புதுமையின் பயன் முதலில் தெரிகிறது; அதன் தீங்கு பின்னர்த் தெரிகிறது; சட்டம் கடைசியில் வருகிறது. இந்த இடைவெளியில் மாய்பவன் தொழிலாளியே. நம்மிடம் பயிலும் பிள்ளைகள் பலர் நாளைப் பட்டறைகளிற் புகுவர். எதனைக் கொண்டு உரிப்பது என்று கேட்குமுன், எதனைச் சுவாசிக்கிறோம் என்று வினவும் பழக்கத்தை இன்றே அவர்க்குக் கற்பிப்பது ஆசிரியர் கடனன்றோ?