நூலகத்தில் தன்னைத் தேடிய பெண்கள்

ஒரு புத்தகம் எழுதப்பட்டுவிட்டால் மட்டும் போதாது. அது தேவைப்படுகிறவளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டை இதற்காகவே ஒதுக்கினார். ஒன்று வாசகரின் பக்கமிருந்து பேசுகிறது. மற்றது நூலின் பக்கமிருந்து. தன்பாலீர்ப்புள்ள சிறுமிகள் விஷயத்தில் இந்த விதிகள் எப்படி மீறப்பட்டன, யார் அதைச் சரிசெய்ய முயன்றார்கள் என்பதை அமெரிக்க நூலக வரலாற்றில் தெளிவாகக் காணலாம். அந்த வரலாற்றின் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு.

1949இல் பார்பரா கிட்டிங்ஸ் என்ற பதினேழு வயதுப் பெண் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தனக்குப் பெண்கள்மீது ஏற்படும் ஈர்ப்புக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். கிடைத்தவை மருத்துவ நூல்களும் கலைக்களஞ்சியங்களும். பிறழ்வு, கோளாறு போன்ற தலைப்புகளுக்குக் கீழேதான் அவர் தன்னைக் கண்டார். தேடலிலேயே காலம் கழிய, படிப்பில் தோற்று வீடு திரும்பினார். பிறகுதான் ராட்க்ளிஃப் ஹாலின் 1928ஆம் ஆண்டு நாவலைப் போன்ற கதைகள் அவருக்குக் கிடைத்தன. சோகமான கதைகள்தான் என்றாலும், அவற்றில் இருந்தவர்கள் நோயாளிகள் அல்லர், மனுஷிகள்.

1970இல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் தன்பாலீர்ப்பாளர் விடுதலைக்கான குழு ஒன்று உருவானது. கிட்டிங்ஸ் நூலகர் அல்லர். ஆனாலும் அதில் சேர்ந்து, 1971 முதல் பதினைந்து ஆண்டுகள் அதை ஒருங்கிணைத்தார். அந்தக் குழுவின் முக்கியமான வேலை ஒரு பட்டியல். தன்பாலீர்ப்பாளர்களைப் பழிக்காமல் எழுதப்பட்ட நூல்கள், கட்டுரைகள், துண்டுப் பிரசுரங்களின் பட்டியல் அது. முதல் பதிப்பில் 37 பதிவுகளே இருந்தன. 1980இல் அது ஐநூறைத் தாண்டியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பு முறையில் இந்நூல்கள் இயல்பு மீறிய பாலுறவுகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தன. குழுவின் முயற்சியால் 1972இல் அவற்றுக்குத் தனி எண் தரப்பட்டது. எண் மாறினால் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் ஒரு புத்தகத்தைத் தேடிப் போகிறவள் அலமாரியில் அதன் பக்கத்துப் புத்தகங்களையும் பார்க்கிறாள். தன்னைப் பற்றிய நூல் குற்றங்களைப் பற்றிய நூல்களோடு நிற்பதும் அவளுக்குச் சொல்லப்படும் ஒரு செய்திதான்.

இளையோருக்கான நாவல்கள் இதே காலத்தில்தான் தலைகாட்டின. 1969இல் ஜான் டோனவன் எழுதிய நாவலில் இரண்டு சிறுவர்கள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். பிறகு கதாநாயகனின் செல்ல நாய் காரில் அடிபட்டுச் சாகிறது, அது தனக்கான தண்டனை என்று அவன் நினைக்கிறான். அடுத்து வந்த சில நாவல்களிலும் கார் விபத்தோ மாரடைப்போ வந்து கதையை முடித்துவைத்தது. 1976இல் பிரான்சிஸ் ஹாங்க்கெல், ஜான் கன்னிங்ஹாம் இருவரும் ஒரு நூலகர் இதழில் இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டார்கள். அதே ஆண்டு டிரினிடாடில் பிறந்த கறுப்பினப் பெண் எழுத்தாளர் ரோசா கை, ஹார்லெமில் வாழும் புலம்பெயர்ந்த சிறுமி ஒருத்தியின் காதலை 'ரூபி'யில் எழுதினார். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணை மையமாக வைத்த முதல் இளையோர் நாவலாக அது கருதப்படுகிறது. அதிலும் காதலிகள் பிரிகிறார்கள்.

பிரியாத காதலிகளுக்கு 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாலின் நாவலைத் தன் பதின்வயதில் படித்த நான்சி கார்டன், நல்ல முடிவுள்ள ஒரு கதையை எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தவர். அப்படி வந்ததுதான் 'ஆனி ஆன் மை மைண்ட்'. நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் சந்திக்கும் லைசா, ஆனி என்ற பதினேழு வயதுப் பெண்களின் கதை. அதில் லைசா அப்பாவின் கலைக்களஞ்சியத்தை எடுத்துத் தன்பாலீர்ப்பு பற்றிய கட்டுரையைப் படிக்கிறாள். அத்தனை நீளமான கட்டுரையில் காதல் என்ற சொல் ஓரிடத்திலும் வராததைக் கவனிக்கிறாள். கிட்டிங்ஸின் நூலகத் தேடலை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

1993இல் கன்சாஸ் சிட்டி வட்டாரப் பள்ளிகளுக்கு ஓர் அமைப்பு இந்நாவலை நன்கொடையாக வழங்கியது. எதிர்த்தவர்கள் கல்வி வாரிய அலுவலகத்தின் முன்னால் பிரதிகளைக் கொளுத்தினார்கள். அருகிலுள்ள ஓலேத்தா நகரின் பள்ளி நூலகத்தில் இந்த நூல் ஆண்டுக்கணக்காக யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்துவந்தது. இப்போது கல்வி நிர்வாகம் அதையும் எடுத்துவிட்டது. மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். கார்டனே சாட்சி சொன்னார். 1995 நவம்பரில் தீர்ப்பு வந்தது: கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூலை நீக்குவது அரசியல் சட்டத்துக்கு முரணானது. புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது.

எரிப்பது ஊருக்குத் தெரியும். இடம் மாற்றுவது யாருக்கும் தெரியாது. இரண்டு அம்மாக்களோடு வளரும் சிறுமியைப் பற்றி லெஸ்லியா நியூமன் எழுதிய 'ஹெதர் ஹாஸ் டூ மம்மீஸ்' படக்கதையைப் பதிப்பகங்கள் ஏற்காததால், மக்களிடம் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டி 1989இல் வெளியிட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸ் நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நூலக உறுப்பினர்களில் 300 பேர் கையெழுத்திட்டால் ஒரு நூலைக் குழந்தைகள் பகுதியிலிருந்து பெரியவர்கள் பகுதிக்கு மாற்றிவிடலாம். அப்படியே ஹெதரும் மாற்றப்பட்டாள். நூல் நூலகத்தில்தான் இருக்கிறது; ஆனால் ஐந்து வயதுக் குழந்தை போகாத அலமாரியில் இருக்கிறது. 2000இல் நீதிமன்றம் இந்தத் தீர்மானத்தையும் ரத்து செய்தது.

நம் பக்கம் வருவோம். 377ஆம் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் சொன்னது. அடுத்த ஆண்டே ஹிமாஞ்சலி சங்கரின் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்' ஆங்கிலத்தில் வெளிவந்தது. பள்ளி மாணவி முஸ்கானின் தற்கொலை முயற்சியோடு தொடங்கும் அந்நாவலைச் சொல்பவர்கள் அவளுடைய வகுப்புத் தோழர்கள் மூவர். முஸ்கான் தன் கதையைத் தானே சொல்வதில்லை. அன்றைய சூழலுக்கு அது நேர்மையான வடிவம்தான்; ஆனால் அவளே பேசும் கதை ஒரு சிறுமிக்கு வேறொன்றைத் தரும்.

தமிழில் தேடுகிறவளுக்கு முதல் தடை சொல்லிலேயே இருக்கிறது. நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதிவந்த 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லில் சேர்க்கை மட்டுமே உண்டு; லைசா தேடிய சொல் அதிலும் இல்லை. பெற்றோரை விட்டுச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில்தான் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விஷயத்தில் தலையிடத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாகவே 2022இல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் தொகுப்பை வெளியிட்டது.

சொற்கள் வந்துவிட்டன. அவை நூலகப் பட்டியலுக்குள் போக வேண்டும். உங்கள் கல்லூரி நூலகத்தில் 'தன்பாலீர்ப்பு' என்று தேடிப் பாருங்கள்; என்ன வருகிறது, எந்த அலமாரிக்கு அனுப்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதின்வயதுப் பெண்ணுக்குத் தரத்தக்க நூல்களைத் தனியே எழுதிவையுங்கள். கிட்டிங்ஸின் குழு தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவை 37 பதிவுகள்தான்.