பலாங்கொடையின் கறுப்புக் கல்

தோரியம் நாளைய அணு எரிபொருள் என்ற செய்தியை வாசிக்கும்போதெல்லாம் என் எண்ணம் சப்ரகமுவத் தேயிலைத் தோட்டங்களுக்கே செல்கிறது.

இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடையை அண்டிய பம்பரபொட்டுவவில், மாணிக்கம் அரித்த சரளையில் பாரமான கறுப்புப் படிகங்கள் அகப்பட்டன. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமியே அப்போது இலங்கைக் கனிம ஆய்வின் பணிப்பாளர். 1904இல் அவர் அவற்றை யுரேனியக் கனிமமான யுரேனினைட் என விவரித்தார். அது தோரியம் மிகுந்த புதுக் கனிமம் எனக் கண்டு, 'தோரியனைட்' எனப் பெயரிட்டவர் இங்கிலாந்தின் டன்ஸ்டன். குமாரசுவாமியே கண்டுபிடித்தார் என நாம் பெருமையுடன் எழுதுவது பாதி உண்மைதான்.

அன்று தோரியம் வாயு விளக்குகளின் மேன்டிலுக்கே வேண்டப்பட்டது. ஆயினும் 1905இல், இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்த ஒட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். 1938இல் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து அணுப்பிளவை வெளிப்படுத்திய பரிசோதனையைச் செய்தவரும் அவரே.

தோரியம் தானே உலையை இயக்காது. நியூட்ரானை ஏற்று, படிப்படியாக யுரேனியம்-233 ஆக மாறவேண்டும். அந்த எரிபொருளில் 1996இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்தின் காமினி ஆய்வு உலையின் ஆற்றல் வெறும் 30 கிலோவாட். ஆகவே, 'நாளை' இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

கல் நமது மண்ணில் கிடந்தது. பெயரும் அறிவும் வேறிடத்தில் பிறந்தன. தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு நல்லதொரு விஞ்ஞான ஆய்வுகூடம் கிடைக்காதவரை, அடுத்த கல்லின் கதையும் இவ்வாறே முடியும்.