கேமரன் அம்மையார் விற்ற படங்கள்

ஓவியன் தீட்டிய ஓவியத்திற்கும் சிற்பி வடித்த சிலைக்கும் விலை உண்டென்பதை உலகம் நெடுங்காலத்திற்கு முன்பே ஒப்புக்கொண்டது. ஒளிப்படத்திற்கு அவ்வாறு விலை பேசலாமா என்னும் வினாவோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் எழுந்தது. கருவி எடுக்கும் படத்தில் கலைஞனுக்கு என்ன பங்கு என்று கேட்டோர் பலர். அவர்களோடு வாதிட்டுக்கொண்டிராமல், தாமே படம் எடுத்து, தாமே படியெடுத்து, தம் கையொப்பமிட்டுக் கலைப்பொருளாக விற்க முனைந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். அவருடைய வாழ்க்கையில் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் பெரிய இடம் உண்டு. ஆதலின் தோட்டப்புறத்தில் வேரூன்றிய நம்மவர்க்கும் அவ்வரலாறு அயலானதன்று.

அம்மையார் 1815 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காளப் பணியில் இருந்தவர். 1838 இல், தம்மினும் இருபது ஆண்டு மூத்தவரான சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். கோல்புரூக்கோடு இலங்கை சென்று, 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த விசாரணைக் குழுவில் பணியாற்றியவர் இவரே. நீதிமுறையை ஆராயச் சென்றவர் அந்நாட்டின்மீது தீராத பற்றுக்கொண்டு, காப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளரானார். குடும்பம் 1848 இல் இங்கிலாந்துக்குப் பெயர்ந்து, 1860 இல் வைட் தீவில் குடியேறியது. அங்கு அவர்கள் தம் இல்லத்திற்கு இட்ட பெயர் 'டிம்போலா'. அஃது இலங்கைத் தோட்டத்தின் பெயர். வருவாய் எங்கிருந்து வந்தது என்பதை வீட்டின் பெயரே சொல்லிற்று.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு படக்கருவியைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி மகிழ வேண்டிய பருவத்தில் அவர் கரிக்கொட்டகையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியேற்றிவிட்டு அவற்றின் கொட்டகையைப் படமெடுக்கும் கூடமாக்கினார். அக்காலத்தில் படமெடுத்தல் பொத்தானை அழுத்தும் வேலையன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்து, உடனே கழுவியாக வேண்டும். பின்னர் முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் அத்தகட்டை வைத்து வெயிலில் காட்டிப் படியெடுக்க வேண்டும். எதிரே அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். பெருங்கவிஞர் டெனிசனுக்கும் இதில் விலக்கில்லை. முகம் முழுத்தாளையும் நிறைக்கும்படி அண்மையில் நின்று, விளிம்புகள் கூர்மையின்றி மெல்லக் கரையுமாறு அவர் படம் எடுத்தார். ஒளிப்படச் சங்கத்தார் இதைக் குறையென்றனர். தகட்டிலிருந்த கீறலையும் கைரேகையையும் சுட்டி எள்ளி நகையாடினர். கூர்மையை வேண்டாதது அவர் தெரிந்தே செய்ததென்பது என் கருத்து. கீறல்களைப் பற்றி அத்துணை உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி, அவர் விற்ற முறைக்கு வருவோம். 1862 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம், ஓவியத்தோடும் வரைபடத்தோடும் ஒளிப்படத்தையும் ஒரே வரிசையில் வைத்தது. படைத்தவரின் ஆயுளுக்கும், அதன்பின் ஏழாண்டுகளுக்கும் உரிமை அளித்தது. கலையா, கலையன்றா என்று அறிஞர் பூசலிட்டுக்கொண்டிருக்கையில் சட்டம் முந்திக்கொண்டு தீர்ப்பளித்துவிட்டது! அம்மையார் அதைப் பற்றிக்கொண்டார். 1864 முதல் 1875 வரை 500க்கும் மேற்பட்ட படங்களை ஸ்டேஷனர்ஸ் ஹால் என்னும் பதிவகத்தில் தம் பெயரில் பதிவுசெய்தார். ஓவியங்களும் செதுக்குப் படங்களும் விற்றுப் பேர்பெற்ற லண்டன் கொல்நாகி நிறுவனத்தின் வழியே படிகளை விற்றார். அட்டையின் அடியில், உயிருள்ளவரைக் கண்டு எடுத்தது என்னும் குறிப்பும், பதிப்புரிமைக் குறிப்பும், தம் கையொப்பமும் அமையச் செய்தார். படத்தில் இருப்பவர் டெனிசனோ கார்லைலோ ஆயின், அவரிடமே கையொப்பம் வாங்கி அட்டையில் சேர்ப்பார். அத்தகைய படிக்கு மதிப்பு மிகுதி. வணிகம் அறியாமல் பொழுதுபோக்கிற்குப் படமெடுத்த செல்வச் சீமாட்டி என்று அவரைச் சித்திரிப்போர் அந்தப் பதிவேட்டை நினைத்துப் பார்த்தல் நன்று.

அந்நாளில் லண்டன் கடைகளில் அரசியின் படமும் நடிகையரின் படமும் சிறிய முகவரி அட்டை அளவில் ஆயிரக்கணக்கில் மலிவாக விற்பனையாயின. அம்மையார் அந்தச் சந்தையை நாடவில்லை. முதலில் 11 அங்குலம், பின்னர் 15 அங்குல நீளமுள்ள பெரிய தகடுகளையே ஆண்டார். தனிக் கூடங்களை வாடகைக்குப் பிடித்துக் கண்காட்சி நடத்தினார். 1865 இல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைகொடுத்து வாங்கிற்று. இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுவே. 1868 இல் அங்கேயே இரண்டு அறைகளையும் படமெடுக்க அவருக்கு ஒதுக்கித் தந்தனர்.

இவ்வளவு செய்தும் கைக்கு வந்த பணம் போதவில்லை. பெரிய தகடுகளும் மருந்துகளும் காசை விழுங்கின. அவரோ நண்பர்களுக்குத் தொகுதி தொகுதியாகப் படங்களை வாரி வழங்கும் இயல்பினர். புதல்வர்களின் கல்விச் செலவு ஒருபுறம். இலங்கையிலிருந்து வரும் வருவாய் சுருங்கியது மறுபுறம். அந்தக் காப்பியை விளைவித்தவர் யாவர்? தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டிற்கு நடந்து சென்ற கூலி மக்கள். வழியிலேயே மாண்டவர் பலர். நம் முன்னோரை இந்நாட்டிற்குக் கொணர்ந்த கங்காணி முறை அந்தக் காப்பித் தோட்டங்களில் வளர்ந்து, பின் மலாயாவுக்கு வந்ததே. 1869 இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் இலங்கைக் காப்பித் தொழில் அழிந்தது. தோட்டத்துரைமார் சிலர் அங்கிருந்து இங்கு வந்து மீண்டும் காப்பி பயிரிட்டனர்.

1874 இல் டெனிசன் தம் ஆர்தர் மன்னர் கதைப் பாடல்களுக்குப் படம் எடுத்துத் தருமாறு கேட்டார். இருநூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளை வீணாக்கித் தேர்ந்தெடுத்த அப்படங்கள் சிறிய மரச்செதுக்குகளாகக் குறுகிப் பதிப்பில் வந்தன. மனம் பொறாத அம்மையார், அசல் ஒளிப்படங்களையே பெரிய அளவில் ஒட்டித் தாமே தொகுதி வெளியிட்டார். விலை உயர்ந்த அந்நூல் அவர் கடனைத் தீர்க்கவில்லை.

1875 அக்டோபரில் கணவரும் மனைவியும் இலங்கைக்குக் கப்பலேறினர். சவுத்தாம்ப்டன் துறையில் மூட்டை சுமந்தோருக்குக் காசு கொடுக்க இயலாமல், கார்லைல், டெனிசன் படங்களையே கொடுத்தார் என்று கூறுவர். கதை சற்று மிகையாக இருக்கலாம். ஆயினும் கொல்நாகி கடையில் கினிக் கணக்கில் பேசப்பட்ட பொருளுக்கு அத்துறையில் என்ன மதிப்பிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இலங்கையில் அவர் எடுத்தனவாக இன்று கிடைப்பவை மிகச் சிலவே. வாங்குவோர் இல்லை, தகடும் மருந்தும் கிடைப்பது அரிது. எடுத்தவற்றிலோ தோட்டத் தொழிலாளரும் ஊர் மக்களும் நிற்கின்றனர். 1877 இல் அங்கு விருந்தினராகத் தங்கிய ஓவியர் மரியான் நார்த் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். ஒரு மனிதரின் முதுகழகில் மயங்கிய அம்மையார், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம். தோட்டமோ அவர்களிடம் இல்லை. அந்த முதுகுக்கு உரியவரின் பெயரை நார்த் எழுதவில்லை.

அம்மையார் 1879 ஜனவரி 26 இல் இலங்கை மலைநாட்டில் காலமானார்; பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். 1913 இல் அமெரிக்கரான ஸ்டீக்லிட்ஸ் தம் 'கேமரா ஒர்க்' இதழிலும், 1926 இல் உறவினரான வர்ஜீனியா வுல்ஃப் ஒரு நூலாகவும் அவர் படங்களை வெளியிட்டனர். அதன்பின் அப்படிகளுக்கு ஏறிய விலையை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

நம் தோட்டங்களில் எஞ்சிய பழைய குழுப்படங்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் நாற்காலியில் அமர்ந்த துரையின் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். நின்றவர்கள் 'தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். கேமரன் அம்மையார் 1878 இல் களுத்துறையில் எடுத்த குடியானவர் படமொன்று உண்டு. டெனிசன் படத்திற்கு எழுதியது போலவே அதற்கும் குறிப்பெழுதினார். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவள் தந்தை என்று கூறுவதோடு தமக்கு வயது நூறு என்கிறார் என்றும் எழுதினார். பெயர்கள் அக்குறிப்பில் இல்லை.